கடற்கரையில் பொறுக்கிய சுறாப்பல் எந்தச் சுறாவுடையது? வெனிஸ் கடற்கரையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், சாரசோட்டாவுக்குத் தெற்கே, வெனிஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 'உலகச் சுறாப்பல் தலைநகரம்' என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஊர். விளம்பரம்தான், ஆனால் பொய் விளம்பரம் இல்லை. அலை ஏறி இறங்கும் ஓரத்தில் கிளிஞ்சல் நொறுங்கலைக் கிளறிக்கொண்டே நடந்தால், கடல் ஒத்துழைக்கும் நாளில் ஒரு பிடி கறுப்புப் பற்களாவது சேர்ந்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போக இதைவிட நல்ல இடம் தெரியாது. நீச்சல் தெரிய வேண்டாம், டிக்கெட் இல்லை, குனிந்தால் போதும்.

பொறுக்குவது சுலபம். வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டியதும் 'இது எந்தச் சுறா?' என்று பிள்ளைகள் கேட்பார்களே, அங்கேதான் தடுமாற்றம். பெரும்பாலோர் செய்வது, இணையத்தில் ஒரு வண்ணப் படத்தைத் திறந்துவைத்து, பல்லை அதன் பக்கத்தில் வைத்து, கிட்டத்தட்ட ஒத்துப்போகும் பெயரைச் சூட்டிவிடுவது. அது சரிப்படாது. ஒரே சுறாவின் மேல்தாடைப் பல் அகலமாகவும் கீழ்த்தாடைப் பல் ஊசியாகவும் இருக்கலாம். நடுப்பல் நிமிர்ந்தும் ஓரப்பல் சாய்ந்தும் இருக்கலாம். போதாக்குறைக்குக் கடல் அதைப் பல காலம் உருட்டித் தேய்த்திருக்கும். படத்தில் இருப்பதோ தேர்ந்தெடுத்த, பழுதில்லாத பல்.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் வேர், அடுத்து விளிம்பு, அப்புறம் வடிவம். நிறமும் அளவும் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் கிடைப்பதெல்லாம் மெகலடானாகவே (அழிந்துபோன ராட்சதச் சுறா) தெரியும்.

இத்தனை பற்கள் எப்படி வந்தன?

சுறாவுக்கு எலும்பு கிடையாது. உடல் முழுக்கக் குருத்தெலும்பு. செத்தால் அது சீக்கிரம் அழிந்துவிடும், பல்தான் மிஞ்சும். பல்லோ விழுந்துகொண்டே இருக்கும் ஒன்று. முன்வரிசைப் பல் விழ விழ, பின்னால் வரிசையாகக் காத்திருப்பது முன்னே நகர்ந்து வரும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். மயோசீன், பிளயோசீன் காலங்களில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) இன்றைய ஃபுளோரிடாவின் பெரும்பகுதி ஆழமில்லாத கடலாக இருந்தது. அப்போது விழுந்த பற்கள் பாஸ்பேட் மிகுந்த படிவத்தில் புதைந்தன. அந்த அடுக்கு வெனிஸுக்கு நேர் எதிரே கடலடியில் வெளிப்பட்டுக் கிடக்கிறது. அலை அதை அரித்து அரித்துக் கரைக்குத் தள்ளுகிறது.

அதனால்தான் காற்றடித்து ஓய்ந்த மறுநாள் நல்ல நாள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிப் போன பிறகு, வற்றுக்கடல் நேரத்தில் போங்கள். மீன்பிடிப் பாலத்துக்குத் தெற்கே காஸ்பர்சன் கடற்கரை பேர்போனது. கடற்கரையை அகலப்படுத்த வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டியிருந்தால் அந்தப் பக்கம் கொஞ்ச காலத்துக்குக் கிடைப்பது குறையும். தண்ணீருக்குள் நின்று தேடுபவர்கள் நீளக் கைப்பிடி வைத்த கம்பிக்கூடை ஒன்றை வைத்திருப்பார்கள். பனியே விழாத ஊரில் அதற்குப் பெயர் 'ஃபுளோரிடா பனி மண்வெட்டி'. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்தே நடக்க வேண்டும். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும். திருக்கைவால் முள்ளின் வலியைப் பற்றி நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

படி 1: இது பல்தானா?

கறுப்பாக, முக்கோணமாக இருப்பதெல்லாம் பல் ஆகாது. வெனிஸ் கரையில் உடைந்த கறுப்புக் கிளிஞ்சல், பாஸ்பேட் கூழாங்கல், நண்டுக் கொடுக்கின் நுனி எல்லாம் பல் வேஷம் போடும். சோதனை எளிது. கையிலிருப்பதை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் மெல்லத் திருப்புங்கள். பல்லாக இருந்தால் ஒரே துண்டில் இரண்டு விதமான மேற்பரப்பு தெரியும். ஒரு பாதி எனாமல் பளபளப்போடு வழவழப்பாக இருக்கும். இன்னொரு பாதி மங்கலாக, நுண்துளைகளோடு, எலும்புபோலச் சொரசொரப்பாக இருக்கும். பளபளப்பது அலகு, மங்கலானது வேர். இரண்டும் சந்திக்கும் கோடு தெளிவாக இருக்கும்.

கிளிஞ்சலில் இப்படி இரட்டைத் தன்மை இருக்காது. உடைந்த ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரியும், மேலே வளர்ச்சி வரிகள் ஓடும். கூழாங்கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. வேர் உடைந்துபோய் அலகு மட்டும் கிடைத்தால், பின்பக்கம் பாருங்கள். பல்லின் அலகு ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும். கல்லுக்கு அந்த ஒழுங்கு வராது.

சுறாப்பல்லைப் பல் என்று உலகம் ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. ஐரோப்பாவில், குறிப்பாக மால்டா தீவில் கிடைத்த பெரிய புதைபடிவப் பற்களை 'நாக்குக் கற்கள்' என்று சொல்லி, விஷமுறிவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ அறுத்துப் பார்த்தார். அதன் வாயிலிருந்த பற்களும் அந்தக் கற்களும் ஒன்றுபோலவே இருப்பதை மறுஆண்டு எழுதி வெளியிட்டார். அவர் பார்த்ததும் படத்தோடு ஒப்பிடுவதுதானே என்று கேட்கலாம். அவர் கையில் முழுத் தாடையே இருந்தது. நமக்கு ஒற்றைப் பல்தான்.

படி 2: பழையதா, புதியதா?

வெனிஸ் கரையில் கறுப்பு, சாம்பல், பழுப்பு நிறப் பற்கள் ஏறக்குறைய எல்லாமே புதைபடிவங்கள். உயிருள்ள சுறாவின் பல் வெள்ளை. மண்ணில் புதைந்து கிடக்கும்போது சுற்றியுள்ள தாதுக்கள் பல்லின் நுண்துளைகளில் இறங்கி நிறத்தை மாற்றுகின்றன. பாஸ்பேட் படிவத்தில் கிடந்தால் கறுப்பு, இரும்பு மிகுந்த மண்ணில் கிடந்தால் செம்பழுப்பு. நடு ஃபுளோரிடாவின் பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் நீலமும் பச்சையும் கலந்த பற்கள்கூட வந்திருக்கின்றன.

ஆகவே நிறம், பல் எங்கே படுத்திருந்தது என்பதைச் சொல்லும். எந்தச் சுறா என்று சொல்லாது. எத்தனை வயது என்றும் சொல்லாது. 'நல்ல கறுப்பா இருக்கு, அப்ப ரொம்பப் பழசு' என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பளிச்சென்ற வெள்ளைப் பல் கிடைத்தால் அது பெரும்பாலும் இன்றைய சுறாவுடையது. வெயிலில் வெளுத்த புதைபடிவமும் உண்டு என்பதால் எடையையும் வேரையும் பாருங்கள். தாது ஏறிய பல் அதே அளவுள்ள புதுப்பல்லைவிடக் கனமாக இருக்கும்.

படி 3: எது முன்பக்கம், எது பின்பக்கம்?

இதைப் பழகிக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள். தட்டையான முகம் உதட்டைப் பார்த்தது. புடைத்த முகம் நாக்கைப் பார்த்தது. அடையாளச் செய்திகளில் பாதிக்குமேல் நாக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. எனவே புடைத்த முகம் உங்களை நோக்க, வேர் மேலேயும் கூர் கீழேயும் இருக்கும்படியோ அல்லது தலைகீழாகவோ, ஏதாவது ஒரு நிலையில் எல்லாப் பற்களையும் ஒரே மாதிரி வரிசையாக வையுங்கள்.

இப்போது வேரைப் பாருங்கள். மூன்று கேள்விகள். வேரின் இரு கால்களும் நேர்க்கோட்டில் கிடைமட்டமாக விரிந்திருக்கின்றனவா, அல்லது ஆழமான வளைவோடு இரண்டு நீளக் கொம்புகளாகப் பிரிகின்றனவா? வேரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளக்கோடு ஓடுகிறதா? (ரத்தக்குழாய் நுழைந்த வழி அது.) வேருக்கும் அலகுக்கும் இடையே, எனாமலும் இல்லாமல் வேரும் இல்லாமல், வேறு நிறத்தில் ஒரு பட்டை இருக்கிறதா? இந்தப் பட்டையைக் கழுத்துப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். மெகலடான் பேச்சு வரும்போது அதற்கு வேலை இருக்கிறது.

படி 4: விளிம்பு

ஒரு விஷயம் மட்டும்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் விளிம்பைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அதே வகை. இல்லையென்றால் போன் கேமராவில் கிட்டத்தில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். விரல் நகத்தை விளிம்பின் மீது மெல்ல ஓட்டிப் பார்த்தாலே பலவற்றில் தெரிந்துவிடும்.

விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா, ரம்பம்போல் வெட்டு வெட்டாக இருக்கிறதா? ரம்பம் என்றால், வெட்டுகள் பெரியவையா நுண்ணியவையா? கூர்வரை போகின்றனவா, நடுவில் நின்றுவிடுகின்றனவா? இரு பக்கமும் ஒரே அளவா? அலகின் அடியில், இருபுறமும் குட்டிக் கூர்கள் துருத்துகின்றனவா?

ஒரு எச்சரிக்கை. கடல் தேய்த்த பல்லில் ரம்பம் மழுங்கி வழவழப்பாகத் தெரியும். அலகும் வேரும் சேரும் மூலைகளில் உரசல் குறைவு. ரம்பம் மிஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும். மூலையைப் பார்க்காமல் 'விளிம்பு வழவழப்பு' என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 5: இப்போது பெயர்

வெனிஸில் அடிக்கடி கையில் சிக்கும் வகைகளை விளிம்பின்படி பிரித்துச் சொல்கிறேன்.

*வழவழப்பான விளிம்பு.* ஒல்லியான அலகு நேராக நிமிர்ந்து, வேர் இருபுறமும் கிடைமட்டமாக நீண்டு, ஆங்கில 'டி' (T) எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் இருந்தால் எலுமிச்சைச் சுறா. இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பற்கள், ஏராளம். இதே 'டி' வடிவம் இன்னொரு கூட்டத்தின் கீழ்த்தாடையிலும் வரும், அதைக் கீழே சொல்கிறேன்.

அலகு நீண்டு, ஒடுங்கி, பக்கவாட்டில் பார்த்தால் லேசாக நெளிந்து, வேர் இரண்டு நீளக் கொம்புகளாகப் பிரிந்து, அடியில் இருபுறமும் ஊசிபோன்ற குட்டிக் கூர்கள் இருந்தால் மணல்புலிச் சுறா. மீனைக் குத்திப் பிடிக்கிற பல் அது, வெட்டுகிற பல் இல்லை. குட்டிக் கூர்கள்தான் முதலில் உடைந்துபோகும். அவை இருந்த இடத்தில் சின்னத் தழும்பு இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

பெரியதாக, முக்கோணமாக, விளிம்பு வழவழப்பாக, முன்முகம் தட்டையாக இருந்தால் மேக்கோ என்று அழைக்கப்படும் வகை. இதில் அகலப்பல் கொண்ட, அழிந்துபோன ஹாஸ்டாலிஸ் இனத்தைப் பல ஆய்வாளர்கள் இன்று வெள்ளைச் சுறாவின் முன்னோராகவே வைக்கிறார்கள். வழவழப்பான விளிம்பில் காலப்போக்கில் ரம்பம் முளைத்த கதை. அதற்கு நடுக்கட்டமான ஒரு சுறா பெரு நாட்டின் பாலைவனப் படிவங்களில் கிடைத்து, 2012இல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது.

*நுண்ணிய ரம்பம், கூர்வரை.* உங்கள் மேசையில் கிடப்பவற்றில் பெரும்பங்கு இங்கேதான் வரும். கார்கரைனஸ் என்ற பெரிய பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பு. காளைச் சுறா, கருஞ்சுறா என்று இன்றும் அந்தக் கடலில் திரிபவை பல. மேல்தாடைப் பற்கள் அகலமான முக்கோணம், சின்ன ரம்பம், ஒரு பக்கம் சாய்வு. கீழ்த்தாடைப் பற்கள் ஒல்லியாக, எலுமிச்சைச் சுறாவின் 'டி' வடிவத்தில். இரண்டையும் பிரிப்பது லென்ஸ்தான். கார்கரைனஸின் கீழ்ப்பல்லில் பெரும்பாலும் மெல்லிய ரம்பம் தெரியும், எலுமிச்சைச் சுறாவில் அலகு சுத்தமாக இருக்கும்.

இந்தப் பேரினத்துக்குள் 'இது காளைச் சுறா, இது இன்னது' என்று ஒற்றைப் பல்லை வைத்துச் சாதிப்பது வீண்வேலை. நிபுணர்களே பல சமயம் 'கார்கரைனஸ் இனம்' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்களும் அங்கேயே நிறுத்துங்கள். பெட்டியில் அப்படி எழுதி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

அரை சென்டிமீட்டர் அளவில், அலகு நன்றாகச் சாய்ந்து, சாய்வுக்குப் பின்னால் ஒரு வெட்டோடு இருக்கும் பொடிப்பற்களும் நிறைய வரும். கூர்மூக்குச் சுறா, சுத்தியல்தலைச் சுறா இரண்டுக்கும் இப்படிப்பட்டவை உண்டு. கூர்மூக்குச் சுறா நம்மூர்ப் பால்சுறாவின் நெருங்கிய சொந்தம். புட்டுக்கு வாங்கும் பால்சுறாவின் தலை வீட்டுக்கு வந்தால் தூக்கி எறியாமல் தாடையைத் திறந்து பாருங்கள். மேல்பல், கீழ்ப்பல், நடு, ஓரம் என்று வடிவம் எப்படி மாறுகிறது என்பதை எந்தப் படமும் அந்த அளவுக்குக் கற்றுத்தராது.

*பெரிய வெட்டுகள், ஆனால் சீராக இல்லை.* புலிச் சுறாவை ஒருமுறை பார்த்தால் மறக்காது, அப்படியே சேவல் கொண்டை. பல் தடித்து, அகன்று, கூர் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்வின் பின்புறம் ஆழமான ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குக் கீழேயுள்ள தோள்பகுதியில் பெரிய ரம்பம். இன்றைய புலிச் சுறாவில் அந்தப் பெரிய வெட்டுகளின் மேலேயே இன்னும் நுண்ணிய வெட்டுகள் இருக்கும். அழிந்துபோன அடன்கஸ் இனத்தில் பல் சிறியது, ரம்பமும் எளிமையானது. புலிச் சுறாவில் ஒரு வசதி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் சரியாகச் சொல்வது இதைத்தான்.

*பெரிய வெட்டுகள், கூருக்கு முன்பே நின்றுவிடும்.* இது ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா. வெனிஸ் கரையில் எனக்கு மிகவும் பிடித்த பல் எது என்று கேட்டால் மெகலடானைச் சொல்ல மாட்டேன், இதைச் சொல்வேன். மேல்தாடைப் பல் அகலமான முக்கோணம், ஒருபக்கமாக வளைந்திருக்கும். உள்வளைவில் பெரிய வெட்டுகள் வரிசையாக ஏறி வரும், கூருக்குச் சற்று முன்னால் சட்டென்று நின்றுவிடும். நுனி மட்டும் மொழுமொழுவென்று கத்திபோல் இருக்கும். வெளிவளைவிலும் ரம்பம் உண்டு, கொஞ்சம் சிறியது. நாக்குப் பக்கம் வேர் நன்றாகப் புடைத்து, நடுவில் ஆழமான பள்ளக்கோடு.

குழப்பம் வருவது அதன் கீழ்ப்பல்லில். அது நீண்டு, ஒல்லியாக, நெளிந்து, அசப்பில் மணல்புலிச் சுறாபோலவே இருக்கும். வித்தியாசம் அடியில். மணல்புலியில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் குட்டிக் கூர்கள். ஹெமிப்ரிஸ்டிஸில் அலகின் அடிவிளிம்பில் சில சின்ன வெட்டுகள், கூடவே அந்தப் புடைத்த வேர். இந்த இனம் அழிந்துவிட்டது. ஆனால் வம்சம் அறவில்லை. அதே பேரினத்தின் எலாங்கேட்டா என்ற சுறா இந்தியக் கரையோரம் உட்பட இந்தியப் பெருங்கடலில் இன்றும் இருக்கிறது.

*சரி, மெகலடான்.* ஓட்டோடஸ் மெகலடான் ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தது என்பது இப்போதைய கணிப்பு. முழுப் பற்களுக்காக மூழ்குநர்கள் வெனிஸிலிருந்து படகில் போய்க் கடலடியில் தேடுகிறார்கள். கரையில் நடப்பவருக்குப் பெரும்பாலும் உடைந்த துண்டுதான்.

நான்கு விஷயம் சேர்ந்து வந்தால் மெகலடான் என்று சொல்லலாம்: பல்லின் கனத்த உடல், விளிம்பு முழுக்க ஒரே சீரான நுண்ணிய ரம்பம், நாக்குப் பக்கத்தில் அகலமான கழுத்துப்பட்டை, தடித்த வேர். வெள்ளைச் சுறாவின் பல் தட்டை. அதன் ரம்பம் பெரியது, ஒழுங்கற்றது. கழுத்துப்பட்டை கிடையாது. இரண்டு சென்டிமீட்டர் கார்கரைனஸ் மேல்பல்லை 'குட்டி மெகலடான்' என்று விற்பவர்களும் உண்டு, நம்பி வாங்குபவர்களும் உண்டு. கழுத்துப்பட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரல் அளவு துண்டு கிடைத்து, வேரே இல்லை என்றால், உடைந்த குறுக்குமுகத்தின் தடிமனையும் மிஞ்சிய விளிம்பின் ரம்பச் சீரையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அப்படி ஊகித்ததைப் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

பல் போலக் கிடைக்கும் மற்றவை

கறுப்பாக, நீளப்பட்டையாக, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சீப்புப் பற்கள்போல வரிவரியாகவும் இருந்தால் அது திருக்கையின் வாய்த்தட்டு. திருக்கை கிளிஞ்சலை அரைத்துத் தின்னும், அதற்கான அம்மி அதன் வாயிலேயே இருக்கிறது. இரு ஓரமும் பின்நோக்கிய முட்களோடு தட்டையான ஊசி கிடைத்தால் அதே திருக்கையின் வால்முள். பொத்தான்போல் உருண்டை என்றால் எலும்புமீன் வகைகளின் அரைக்கும் பல். வேரில்லாமல், தட்டையாக, ஈட்டி முனைபோல் என்றால் சீலா மீனின் பல்லாக இருக்கலாம். கனத்த, நுண்துளை தெரியாத, வளைந்த எலும்புத்துண்டு என்றால் கடற்பசுவின் விலா எலும்பு. கடற்பசுவுக்கு எலும்பு அவ்வளவு இறுகியது. குதிரைப் பல், ஆமை ஓடு எல்லாமும் இந்தக் கரையில் வரும். கடல் பின்வாங்கியிருந்த பனியுகக் காலத்தில் இதெல்லாம் தரை.

படி 6: அளவெடுப்பது

கூரிலிருந்து வேரின் தூரமான மூலைவரை சாய்வாக அளப்பதுதான் வழக்கம். வேர் உடைந்திருந்தால் அலகின் உயரத்தை மட்டும் எழுதி, அப்படித்தான் அளந்தேன் என்று குறித்து வையுங்கள்.

பல்லை அளந்து சுறாவின் நீளத்தைச் சொல்வது எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. 'ஓர் அங்குலத்துக்குப் பத்தடி' என்று மெகலடானுக்கு ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. விளையாட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய ஒரு குழு, ஒரே மெகலடானின் பற்களை முப்பரிமாண அச்சில் எடுத்து மாணவர்களிடம் கொடுத்து, அப்போது புழக்கத்தில் இருந்த சூத்திரத்தால் நீளம் கணக்கிடச் சொன்னது. விடைகள் 40 அடியிலிருந்து 148 அடிவரை வந்தன. ஒரே சுறா! தாடையில் பல் இருந்த இடத்தைப் பொறுத்து விடை அப்படி ஆடியது. அதன் பிறகு அந்தக் குழு பல்லின் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை அடிப்படையாக வைத்து 2021இல் புது முறை ஒன்றை வெளியிட்டது. அதன்படி மிகப் பெரியவை சுமார் 20 மீட்டர். நம்மிடம் இருப்பதோ தாடையில் எங்கிருந்து விழுந்தது என்றே தெரியாத ஒற்றைப் பல்.

வயது சொல்வதில் அவசரம் வேண்டாம்

கரையில் பொறுக்கிய பல் அதன் அடுக்கை விட்டு வெளியே வந்துவிட்ட பல். பழைய அடுக்கு அரிக்கப்பட்டு, புது அடுக்கில் கலந்து, அதுவும் அரிக்கப்பட்டு வந்திருக்கலாம். ஒரே கைப்பிடிக்குள் ஒரு கோடி ஆண்டுக்கு மேற்பட்டதும் சில லட்சம் ஆண்டுப் பழையதும் இருக்க வாய்ப்புண்டு. அழிந்த இனமாக இருந்தால் அந்த இனம் வாழ்ந்த காலத்தை எல்லையாக வைக்கலாம். எலுமிச்சைச் சுறாபோல இன்றும் வாழும் வகை என்றால் 'புதைபடிவம், வெனிஸ் கரை' என்பதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கழுவுவது, வைப்பது, காட்டுவது

உப்பு போக நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, மெல்லிய பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். வினிகர், ஆசிட் எதுவும் வேண்டாம். ஒட்டிய சுண்ணாம்பு கரையும்தான், ஆனால் பல்லின் மேற்பரப்பும் சேர்ந்து போகும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. தூசி பிடித்து, ரம்பத்தை அடைத்துவிடும். வேர் பொடிந்தால் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துத் தடவலாம். தேவைப்பட்டால் பிறகு அதே அசிட்டோனால் எடுத்துவிடவும் முடியும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் கிழமைவாரி மாத்திரைப் பெட்டி சின்னப் பற்களுக்குக் கச்சிதம். ஒவ்வொரு அறையிலும் எந்தக் கடற்கரை, எந்தத் தேதி என்று ஒரு துண்டுச்சீட்டு போடுங்கள். பெயரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். எடுத்த இடம் மறந்துபோனால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தெரியாத பல்லை விவரம் தெரிந்தவரிடம் காட்டப் படமெடுக்கிறீர்கள் என்றால் நான்கு படம் வேண்டும். உதட்டுப்பக்கம், நாக்குப்பக்கம், பக்கவாட்டு, விளிம்பின் கிட்டப்படம். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். உள்ளங்கையில் வைத்து எடுத்த மங்கலான ஒரே படத்துக்கு யாரும் உறுதியான பதில் தர மாட்டார்கள்.

எடுக்கலாமா?

ஃபுளோரிடாவில் மாநில நிலத்திலும் நீருக்கடியிலும் முதுகெலும்பு விலங்குகளின் புதைபடிவம் சேகரிக்க ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு. அதாவது பல்லை எடுக்கலாம், கடற்பசு விலா எலும்பையோ குதிரைப் பல்லையோ தேடிப் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். கல் அம்புமுனை போன்று மனிதர் செய்த பழம்பொருள் எது கண்ணில் பட்டாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் புதைபடிவங்களைத் தொடக்கூடாது.

தமிழ்நாட்டில் இப்படிக் கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும், ஆனால் மெரினாவில் தேடிப் பயனில்லை. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் அரித்த செம்மண் நிலம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி. அங்கிருந்து சுறாப்பற்கள் ஆய்வுக் கட்டுரைகளில் பதிவாகியிருக்கின்றன. புதுச்சேரிப் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த மீன்பற்களைப் பற்றி 1845லேயே பிலிப் எகர்ட்டன் என்ற ஆங்கிலேயப் புதைபடிவ மீன் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். ஆனால் மேலே சொன்ன பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு காரைக்குப் போகாதீர்கள். அது கிரிட்டேசியக் கடல். மெகலடானோ ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ராவோ தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது, சுறாக்களே வேறு. வேர், விளிம்பு, வடிவம் என்ற வரிசை அங்கேயும் செல்லும். அது ஆய்வாளர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் நிலம் என்பதால் பல் கண்ணில் பட்டால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறைக்குச் சொல்லுங்கள்.